வெள்ளிமலை ரோடும் ஒரு கண்ணும்

கள்ளக்குறிச்சியில் துணி விற்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மலைக்குத் துணி கொண்டுபோய் விற்கிறவர் என்றால் எல்லோரும் ஷேக் தாவூதைத்தான் கை காட்டுவார்கள். அதுவும் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டியில். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் மனிதர் எங்கே இருக்கிறார் என்று தேடித்தான் பார்க்க வேண்டும். சேலை, லுங்கி, பாவாடை, பச்சைக் குழந்தைக்குச் சட்டை என்று எல்லாம் அதற்குள் இருக்கும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை உறும விட்டு ஏறி, கரியாலூர், வெள்ளிமலை, அதற்கும் உள்ளே இருக்கிற ஊர்கள் வரைக்கும் போவார். சாமை அறுத்த பிறகு காசு கொடுங்கள் என்பார். கொடுப்பார்கள். முடியாதவர்கள் ஒரு பலாப்பழத்தைத் தூக்கி வண்டியில் கட்டிவிடுவார்கள்.

அந்த மலைமேல் அப்படி என்னதான் இருக்கிறது என்று அவர் மனைவி ஜீனத்துன்னிசாவுக்குப் புரிந்ததே இல்லை.

"மேல இன்னொரு குடும்பம் கிடும்பம் வச்சிருக்கீங்களா இன்னா? வூட்ல ரெண்டு நாளு சேந்தாப்ல இருந்தா ஒடம்புக்கு ஆவலயே ஒங்களுக்கு" என்று கிண்டல் செய்வாள்.

தாவூது பாய் சிரித்து மழுப்புவார். எதைச் சொல்வது? பாதி மலை ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும். இன்னும் நாலு வளைவு போனால் பட்டென்று திறந்து, சில்லென்று ஒரு காற்று முகத்தில் அடிக்கும். அந்த இடத்தில் அவர் யாருக்கும் கடன்காரர் இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியவரும் இல்லை. ஹாரன் சத்தம் கேட்டதுமே சின்னப் பிள்ளைகள் "பாயி வந்துட்டாரு" என்று கத்திக்கொண்டு ஓடிவரும். டவுனில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் அவருக்காக ஒரு ஆள் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. ஒரு மனுஷனுக்கு இது போதாதா?

அதை ஒரு கரும்பு டிராக்டர் கெடுத்தது. ஆலை ஓடுகிற காலம், காலை வேளை, பாய் மூட்டைகளோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த டிராக்டரின் டிரெய்லரில் இரண்டு பக்கமும் கரும்பு முழ நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சிவப்புத் துணிகூடக் கட்டவில்லை. ஓட்டியவன் காதில் போன். கையும் காட்டாமல், விளக்கும் போடாமல் ஆலை ரோட்டுக்குச் சரேலென்று திருப்பினான். டிரெய்லரின் வால் பக்கம் ரோட்டையே கூட்டிப் பெருக்குவது போல வீசி வந்தது. ஒரு கரும்பின் நுனி போதுமானதாக இருந்தது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள், இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. டிராக்டரின் சொந்தக்காரர் ஒரு ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அந்த ஆள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வைத்தியத்துக்கு ஜீனத்துன்னிசாவின் நகை மொத்தமும் அடகுக்குப் போயிற்று. வேறு வழியில்லாமல்தான் நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். வக்கீல் தமிழரசன் முதல் நாளே அடித்துச் சொல்லிவிட்டார்.

"கேசு முடியற வரைக்கும் வண்டியத் தொடாதீங்க பாய். இன்சூரன்சுக்காரன் போட்டோ எடுத்துடுவான். ஒங்களால மலைக்குப் போயி தொழில் பண்ண முடியலன்றதுதான் நம்ம கேசே."

ஆக, தாவூது பாய் மச்சான் அஷ்பாக்கின் ஃபேன்ஸி ஸ்டோரில் உட்கார்ந்து கிளிப்பும் வளையலும் விற்க ஆரம்பித்தார். கடைக்கு எதிரில்தான் வெள்ளிமலை பஸ் திரும்பும். திரும்புகிற ஒவ்வொரு தடவையும் அவர் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டுப் பார்ப்பார். ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் இறங்கி வருகிற மலைக்காரர்கள் அவரைத் தேடிப் பிடித்துக் கேட்பார்கள்.

"இன்னா பாயி, மேல வர்றதே இல்ல? எங்கள மறந்துட்டியா?"

"மறப்பனா? கேசு நடக்குதும்மா. வக்கீலு போவக் கூடாதுன்னுட்டாரு. முடிஞ்சதும் மொத வண்டி என்னுதுதான்."

வாய்தா மேல் வாய்தாவாக வருஷம் ஓடியது. மற்றவர்கள் கோர்ட்டைத் திட்டினார்கள். பாய் மட்டும் திட்டவே மாட்டார். பொறுமைசாலி என்று ஊரே மெச்சியது.

பொறுமையாவது ஒன்றாவது. நடந்தது வேறு, அதை அவர் ஒரு ஈ காக்காயிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு நாள் விடியுமுன் பஜ்ருத் தொழுகைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர், தொழுதுவிட்டு அப்படியே வண்டியை மலைப் பக்கம் விட்டார். வக்கீலாவது, இன்சூரன்சாவது. அணை தாண்டியபோது நன்றாக விடிந்துவிட்டது. அவருக்குச் சந்தோஷத்தில் பாட்டே வந்தது. முதல் வளைவில் ரோட்டின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கல் தடுப்பை உரசிக்கொண்டு தப்பித்தார். இரண்டாவது வளைவில் ஒரு ஜீப் இறங்கி வந்தது. தூரத்தில்தானே வருகிறது என்று நினைத்தார். அது மூக்குக்கு நேரே வந்து கிறீச்சிட்டு நின்றது.

ஜீப்பை ஓட்டிவந்த சடையன் பாய்க்கு ரொம்ப நாள் பழக்கம். திட்ட வாயெடுத்தவன் ஆளைப் பார்த்ததும் அடங்கிவிட்டான்.

"பாயி, வண்டிய ஜீப்ல ஏத்து. நா கொண்டாந்து வுட்றேன்" என்றான்.

அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பாய்க்கு. வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டே அணை வரைக்கும் இறங்கினார். வீட்டில் பஞ்சர் என்று சொல்லிவிட்டார். அடுத்த நாளும் மலைக்காரர் ஒருவர் கேட்டதற்கு, கேசு முடியட்டும் வருகிறேன் என்றார். அப்படிச் சொல்கிற வரைக்கும் மலை அங்கேயே அவருக்காக இருந்தது.

ஒரு வழியாக அவரை விசாரிக்கிற நாள் வந்தது. ஜீனத்துன்னிசாவும் கூட வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கோகிலவாணி குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"இத்தன வருஷமா மலைக்கு வண்டி ஓட்னவரு நீங்க. ஒவ்வொரு வளைவும் ஒங்களுக்கு அத்துப்படி, இல்லிங்களா பாய்?"

"ஆமாங்க மேடம்."

"ஒத்தக் கண்ணோட வண்டி ஓட்றவங்க எத்தனையோ பேரு இருக்காங்க. ஒங்களாலயும் முடியும். வக்கீல் சொன்னாரேன்னுதான் ஓட்டாம இருக்கீங்க. நாளைக்கே நீங்க வெள்ளிமலைக்கு வண்டியில போவ முடியும்னு சொல்றேன். சரிதானே?"

தாவூது பாய் அந்த அம்மாவையே பார்த்தார். கண் போன நாளிலிருந்து டாக்டர், வக்கீல், மச்சான் என்று எல்லோரும் முடியாது, முடியாது என்றுதான் ஓதினார்கள். உன்னால் முடியும் என்று சொல்ல ஒரு வாய் வந்திருக்கிறது. அதுவும் எதிர்த்தரப்பிலிருந்து. இன்னொரு தடவை சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மலை திரும்பிவிடும். நகை திரும்பாது. தமிழரசன் தொண்டையைச் செருமினார்.

"முடியாதுங்க மேடம்" என்றார் பாய். "போயிப் பாத்தேன். ரெண்டாவது வளைவு தாண்ட முடியல. ஜீப்பு எவ்ளோ கிட்ட வருதுன்னு தெர்ல. இனிமே என்னால ஏற முடியாது."

டைப்பிஸ்ட் அதை அடித்து முடித்தார். பின் பெஞ்சில் ஜீனத்துன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்ததும் தமிழரசன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இத ஏன் பாய் எங்கிட்ட மொதல்லயே சொல்லல? பிரமாதமா சொன்னீங்க. ஜட்ஜம்மா அப்டியே நம்பிட்டாங்க. கேசு நம்ம பக்கந்தான்."

ஜீனத்துன்னிசா கிட்டே வந்தாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"சொன்னா, என்னால முடியாதுன்னு நீயும் நம்பிடுவியேன்னுதான்" என்றார் அவர்.

வேப்ப மரத்தடியில் கோகிலவாணி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தார். பாய் மனைவியை நிற்கச் சொல்லிவிட்டு அவரிடம் போனார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேசப் பத்தி எங்கிட்ட பேசக் கூடாது பாய்."

"கேசு இல்லிங்க. என்னால ஓட்ட முடியும்னு உள்ள சொன்னீங்களே. நெசமாவே அப்டி நெனச்சிதான் சொன்னீங்களா?"

கோகிலவாணி மாட்டப்போன ஹெல்மெட்டை ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இல்ல பாய். கூண்டுல ஏறும்போது படியக் காலால தடவிப் பாத்தீங்களே, அப்பவே தெரிஞ்சிபோச்சு. கேக்க வேண்டியது என் வேல, கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்புல்லாம் ஒண்ணும் இல்லிங்க மேடம்" என்றார் தாவூது பாய். "நீங்க ஒருத்தராவது நெனச்சிருப்பீங்களோன்னு பாத்தேன்."