மைமூன் டீச்சரின் மங்குஸ்தான்

சாரல் தொடங்கிவிட்டது, குற்றாலம் போகலாமா என்று கேட்கத்தான் மைமூன் டீச்சருக்குப் போன் செய்தேன். எடுத்தது அவர் மருமகள். "டீச்சர், மாமி காலைல மௌத்தாயிட்டாவ" என்றாள். இறந்துவிட்டார் என்பதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. முந்தின நாள்தான் மைமூன் டீச்சர் செம்பருத்தியில் விழுந்த மாவுப்பூச்சியை என்னிடம் நெடுநேரம் திட்டித் தீர்த்திருந்தார்.

தென்காசியில் நம் பள்ளியில் அவர் கணக்கு, நான் தமிழ். ஊட்டிக்குப் பிள்ளைகளை டூர் கூட்டிப்போனது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். தாவரவியல் பூங்காவிலிருந்து பிள்ளைகளை எண்ணி பஸ்ஸில் ஏற்றவேண்டியது டீச்சரின் வேலை. பிள்ளைகள் எல்லாரும் ஏறியாகிவிட்டது, டீச்சரைத்தான் காணோம். தேடிப் போனால் பெரணிச் செடிகள் முன்னால் மழையில் நிற்கிறார், குடை கையில் மடங்கியபடியே இருக்கிறது. "ஏட்டி செல்வி, இந்தக் குருத்து சுருண்டு கெடக்குற அழகப் பாரேன்" என்றார். நானும் சேர்ந்து நனைந்தேன்.

குற்றாலத்துக்கு நாமெல்லாம் குளிக்கப் போவோம், அவர் மரம் பார்க்கப் போவார். திரும்பும்போது மங்குஸ்தான் வாங்குவார். அதன் விதை காய்ந்தால் முளைக்காது. அதனால் சுளையைத் தின்றுவிட்டு விதையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே ஊர் வருவார். ஒருதரம் அவர் ஊர் அச்சன்புதூருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் எங்கே இறங்கணும் என்று திரும்பத் திரும்பக் கேட்டும் வாய் திறக்கவில்லை. "பாவம், அவியளுக்குப் பேச்சு வராதோ?" என்று கண்டக்டர் என்னிடம் இரக்கப்பட்டார். வகுப்பில் அந்தக் குரலுக்கு நடுங்கியவர்கள் அன்று பார்த்திருக்க வேண்டும்.

அப்படி முளைத்துத் தங்கிய ஒரே கன்று அவர் முற்றத்து நிழலில், தொட்டியில் இருந்தது. காய்க்க வருஷக்கணக்காகுமே, பேரன் திங்கவா என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏன், நாந்தாம்ட்டி திங்கப் போறேன்!" என்றார்.

இறந்த அன்று நாற்காலி போட இடம் வேண்டுமென்று யாரோ தொட்டிகளை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அந்த நேரத்தில் செடியை யார் நினைப்பார்கள்? தொடங்கின சாரலும் அதோடு நின்று, அந்த வாரம் முழுக்க வெயில் கொளுத்தியது. அடுத்த வாரம் போனபோது மங்குஸ்தான் இலையெல்லாம் கருகி, வெறும் குச்சியாக நின்றது. அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. "தூரப் போட்டுருவோமா டீச்சர்?" என்றாள் மருமகள்.

வாடின செடியை யாராவது பிடுங்கப் போனால் அவர் சொல்வது நினைவுக்கு வந்தது. "பொறுட்டி. நகத்தால சுரண்டிப் பாரு. பச்சை இருந்தா உசுரு இருக்கு." நுனியில் சுரண்டினேன், பழுப்பு. மண்ணை ஒட்டிச் சுரண்டினேன். மெல்லிசாக ஒரு பச்சை.

இப்போது அது என் வீட்டு வேப்பமர நிழலில் இருக்கிறது. போன வாரம் செம்பு நிறத்தில் இரண்டு இலை விட்டிருக்கிறது. எதையும் முடிந்துபோனது என்று சொல்லும்முன் ஒருதரம் சுரண்டிப் பார்ப்பது, அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. மங்குஸ்தான் காய்க்கட்டும் மைமூன் அக்கா. முதல் பழத்தை நான்தான் தின்பேன். விதையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அச்சன்புதூர் பஸ் ஏறுவேன், யார் என்ன கேட்டாலும் பேசமாட்டேன்.