சபையேறிய கொலுசு

என் கொலுசு சட்டநிரூபண சபை வரைக்கும் போய்வந்த கொலுசு. பினாங்கில் வேறு எந்தப் பெண்பிள்ளைக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்திருக்காது.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, வக்கீல். கவர்னரே நியமித்த சபை உறுப்பினர். அத்தனை வெள்ளைக்காரர்களுக்கும் சீன முதலாளிகளுக்கும் நடுவில் நம்மவர் என்று அவர் ஒருத்தர்தான். சபை கூடும்போதெல்லாம் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு சிங்கப்பூருக்குக் கப்பலேறுவார். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்பார், கூலிகள் குடியிருக்கும் லயங்களுக்கு நல்ல தண்ணீர் கேட்பார். கவனிக்கிறோம் என்று பதில் வரும். திரும்பி வந்தால் துறைமுகத்தில் மாலை காத்திருக்கும். கேட்டது கிடைத்ததா என்று மாலை போடுகிறவர்கள் விசாரித்ததில்லை.

அப்பா துறைமுகக் கிட்டங்கியில் சரக்குக் கணக்கு எழுதும் கிராணி. நல்ல மனுஷன், சாயங்காலம் வரைக்கும். அதற்குமேல் கால் தானாகக் கள்ளுக்கடைப் பக்கம் திரும்பிவிடும். ஒருநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், காலில் கொலுசு இல்லை. திருடன் வந்தானா என்று கேட்டேன். அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போய் அழுதாள்.

அந்த வருஷம்தான் பெரியப்பா கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அம்மா மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"கடைய மூடிட்டாங்கன்னா உங்கப்பா வேற எங்க போவாரு? வீட்டுக்குத்தான்லா வரணும்."

தீர்மானம் தோற்றது. பேச்சு மட்டும் பிரமாதமாம். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களே எழுந்து வந்து கைகொடுத்தார்களாம். நம்மூர்த் தமிழ்ப் பத்திரிகை அதை அப்படியே தமிழாக்கிப் போட்டுவிட்டது.

எங்கள் தெருவில் பத்திரிகை என்றால் முடிவெட்டும் கடையில்தான். எழுத்துத் தெரிந்த ஒருத்தர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அன்று சவர நாற்காலியில் அப்பா. ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் சோப்பு நுரை. படிக்கிறவர் அந்த இடத்துக்கு வந்தார்: எனக்குத் தெரிந்த ஒரு தகப்பன், தூங்குகிற மகளின் காலிலிருந்து கொலுசைக் கழற்றிக்கொண்டு போய்க் குடித்தான். பேர் ஒன்றும் போடவில்லை. போட்டுத்தான் தெரியவேண்டுமா? என் கொலுசு காணாமல் போனது தெரு முழுக்கத் தெரியும். படித்தவர் நிறுத்தினார், கத்தியும் நின்றது. சிங்கப்பூரில் இங்கிலீஷில் பேசியது இந்தத் தெருவுக்கு எங்கே வரப்போகிறது என்று பெரியப்பா நினைத்திருக்கிறார். அவ்வளவு படித்தவர், முடிவெட்டும் கடையை மறந்துவிட்டார்.

அப்பா வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டு அக்கா சேதியோடு ஓடிவந்துவிட்டாள். அம்மா அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ பெருமை பிடிபடவில்லை. நுரை காய்ந்த முகத்தோடு உள்ளே வந்தவரிடம் ஓடினேன்.

"அப்பா, என் கொலுசப் பத்திப் பெரியப்பா சிங்கப்பூர்ல பேசுனாராம்."

"ஆமாம்மா. நல்லாத்தான் பேசியிருக்காரு" என்றார் அப்பா.

அன்றிலிருந்து அவர் கள்ளுக்கடைக்குப் போகவில்லை. அண்ணன் வீட்டுக்கும் போகவில்லை. சொன்னது யார் என்று அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். சாகும்வரை அந்த மௌனம் அவளை அரித்தது, பாவம்.

பெரியப்பாவே ஒருநாள் தேடி வந்தார். வாசலைத் தாண்டவில்லை.

"தம்பி, உன் பேர நான் சொல்லலியேடா."

"பேரு எதுக்குண்ணே?" என்று கேட்டுவிட்டு அப்பா பின்பக்கமாகப் போய்விட்டார்.

அந்தத் தீபாவளிக்கு அப்பா எனக்குப் புதுக்கொலுசு வாங்கினார். முன்னதைவிட இரண்டு மடங்கு சலங்கை. தாமே என் காலில் பூட்டி, கையைப் பிடித்துப் பெரியப்பா வீட்டுக்கு அழைத்துப் போனார். அண்ணனும் தம்பியும் சேர்ந்துவிடப் போகிறார்கள் என்று அம்மா ஓடிப்போய் விளக்கேற்றினாள். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே போய் ஒருதடவை நடந்து காட்டிவிட்டு வா என்றார்.

பெரியப்பா மேசையில் அடுத்த பேச்சை எழுதிக்கொண்டிருந்தார். பளபளவென்ற சிமெண்டுத் தரையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தேன். வீடே கலகலத்தது. அவர் பேனாவை வைத்தார். வாசலில் நிற்கிற தம்பியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அதன்பிறகு அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அப்பாவைப் பாடையில் தூக்கிப்போன அன்றும் பெரியப்பா தெருவின் எதிர்வரிசையில்தான் நின்றார். அதெல்லாம் எனக்கு அப்போது எங்கே தெரியும்? பெரியப்பாவுக்குச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மேசைக்குப் பக்கத்தில் போய், காலை ஓங்கி ஓங்கி வைத்து இன்னொரு தடவை நடந்தேன்.