ஏற்றத்தில் நின்ற ஓட்டோ

என் வீட்டுக்காரருக்குக் கருமாதி முடிந்த மறுநாள், அவருடைய ஓட்டோவைக் கயிறு கட்டி இழுத்து வரக் கிளம்பினோம். அது தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் ரோட்டில், ஓடையை ஒட்டிய ஏற்றத்தில் நின்றது. அவரைக் கண்டெடுத்ததும் அதே இடத்தில்தான். விறகுக்குப் போனவர்கள் காலையில் பார்த்துவிட்டு, கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாரடைப்பு என்றார் டாக்டர். அதற்குப் பிறகு மழை விடவே இல்லை. ரோட்டில் மண் சரிந்து, வண்டியை எடுக்க யாராலும் போக முடியாமல் கிடந்தது. கருமாதி அன்றைக்குத்தான் மண்ணை அள்ளி வழி விட்டார்கள்.

"நீங்க வரக் கூடாது அண்ணி. முப்பத்தொண்ணாம் நாள் காரியம் இன்னும் முடியல," என்றான் கொழுந்தன்.

"முப்பத்தொண்ணு முடியிற வரைக்கும் ஊர் வாய நீ பொத்தி வச்சிருப்பியா தம்பி?" என்று கேட்டேன். அவன் கயிற்றை எடுத்துக்கொண்டான்.

ஊர் வாய்தான் என் பிரச்சினை. கொட்டுகிற மழையில், பொழுது சாயும் நேரத்தில், மேல் டிவிசனில் அந்த மனுஷனுக்கு என்ன வேலை? மலை சரியும் என்று அங்கிருந்த குடும்பங்களை எல்லாம் கீழே இறக்கிப் பல வருஷம் ஆகிறது. கூரை போன லய வீடுகளும் பன்னியும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. கசிப்புச் சாராயம் ஏத்தப் போயிருப்பார் என்று சிலர் சொன்னார்கள். பொம்பளை விஷயம் என்று சிலர். தண்ணி பிடிக்கப் பீலிக்குப் போனால், நான் வாளியை வைத்ததும் பேச்சு நின்றுவிடும். "ஒரு ஹயர் இருக்கு, போயிட்டு வந்துர்றேன்" என்றுதான் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். யாருடைய ஹயர்? நான்தான் வாடகைக்குக் கூப்பிட்டேன் என்று இன்றைக்கு வரை ஒரு ஆள் வந்து சொல்லவில்லை. ஆக, அவர் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை பொய். செத்தவருக்காக அழுவதா, அவரைச் சந்தேகப்படுவதா? இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தேன், வெட்கமில்லாமல். அவர் எதற்குப் போனார் என்று தெரியாவிட்டால் எனக்குப் பைத்தியமே பிடித்திருக்கும்.

ஸ்டாண்டில் அவர் வண்டிக்குப் பக்கத்தில் வண்டி போடுகிற அண்ணன் தன் ஓட்டோவைக் கொண்டுவந்தார். நானும் கொழுந்தனும் பின்னால் ஏறிக்கொண்டோம். கொத்மலைப் பக்கம் மேகம் அடைத்துக் கிடந்தது. வழி நெடுக அந்த அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் வாய் ஓயாத ஆள் அவர். அவருக்கும் சந்தேகம்தான் போல என்று நினைத்து எனக்கு எரிச்சல் வந்தது.

ஓடைக்கு இறங்குகிற சரிவின் தலையில் எங்களை இறக்கிவிட்டு, அண்ணன் தன் வண்டியைப் பின்பக்கமாகவே மெதுவாக இறக்கினார். பாதிச் சரிவில், வீட்டைப் பார்த்த மாதிரி, எங்கள் வண்டி நின்றது. பக்கத்துத் திரைகள் இரண்டும் இறக்கி இறுக்கிக் கட்டியிருந்தன. பின்சில்லு இரண்டுக்கும் அடியில் கல் அடை வைத்திருந்தது.

நான் முதலில் பார்த்தது அந்த அடைக்கல்லைத்தான். பிறகு அதற்குக் கீழே ஒரு ஜோடி கல்லைப் பார்த்தேன். அதற்கும் கீழே இன்னொரு ஜோடி. ஓடைத் தண்ணீர் வரைக்கும் அப்படியே போனது. ஓடையைத் தாண்டும்போது எஞ்சினில் தண்ணி போய் நின்றிருக்க வேண்டும் என்றார் அண்ணன். தண்ணி ஏறுகிறதே, வண்டியை அடித்துக்கொண்டு போய்விடுமே என்று மனுஷன் ஒண்டியாகவே தள்ளியிருக்கிறார். ஒரு முழம் தள்ளி, கல்லை அடை வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி ஒரு முழம். போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது. கத்தினாலும் யாருக்குக் கேட்கும்? நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணி, இங்க வாங்களேன்," என்று கொழுந்தன் கூப்பிட்டான்.

அவன் திரையை அவிழ்த்திருந்தான். உள்ளே, ஆள் உட்காருகிற இடத்துக்கு முன்னால், அவருடைய கம்பளியை விரித்து அதன்மேல் ஒரு ஆட்டுக்கல். அசையாமல் இருக்கச் சுற்றிலும் கயிறு. குழவி தனியாக, அவருடைய வேட்டியில் சுற்றி, சீட்டில் கிடந்தது. உருட்டி ஏற்றுவதற்கு வைத்த பழைய கதவுப் பலகைகூட அங்கேயே இருந்தது.

அது என் அம்மாவுடைய ஆட்டுக்கல். விளிம்பில் உடைந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், அதுவேதான். மேல் டிவிசனில்தான் நான் பிறந்தேன். "இது ஒனக்குத்தான்டி, ஒன் சீரு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கும். கல்யாணத்தன்று வண்டியில் இடம் இல்லை. பிறகு எல்லோரையும் இறக்கினார்கள், அம்மாவும் போய்ச் சேர்ந்தது, கல் அங்கேயே தங்கிவிட்டது. மின்சார கிரைண்டர் எரிந்து போன அன்றைக்கு அந்தக் கல்லைப் பற்றி ஏதோ சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் வண்டியில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். "நானும் தப்பா நெனச்சேன் அண்ணி," என்றான்.

"நான் மட்டும் என்னவாம்?" என்றேன்.

அண்ணன் இரண்டு வண்டிக்கும் கயிற்றைக் கட்டினார். கொழுந்தன் எங்கள் வண்டியில் ஏறி ஹேண்டிலைப் பிடித்தான். முன்வண்டி இழுத்தது, இரைந்தது, சில்லு சேற்றில் சும்மா சுற்றியது. என் மேல் எல்லாம் சேறு. திரும்ப இழுத்தபோது கயிறு அறுந்தது.

அண்ணன் இறங்கி வந்தார். அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இந்த ஏத்தத்தில ஆள எறக்கித்தான் தங்கச்சி நாங்க வண்டி ஏத்துவோம். கல்லு எறங்கி நடக்குமா? அத எறக்கணும்."

"வேணாம்ணே, அது சீரு," என்றான் கொழுந்தன்.

எங்கள் பக்கம் அப்படி ஒரு பழக்கம். தாய்வீட்டுச் சீரை வழியில் தரையில் வைக்க மாட்டார்கள், வைத்தால் போய்ச் சேருகிற வீட்டுக்கு ஆகாது. எங்கள் கல்யாணத்தன்று இதே ஏற்றத்தில் எல்லோரும் இறங்கி நடந்தபோது, மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தர் கை வலிக்கிறது என்று பித்தளைக் குடத்தைக் கீழே வைத்துவிட்டார். அம்மா போட்ட சத்தத்தில் மாப்பிள்ளையே ஓடிப்போய்க் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "ஒங்கம்மா சீருன்னா எனக்குப் பயம்மா" என்று பிறகு எத்தனை தடவை கேலி செய்திருக்கிறார்! அந்தப் பயத்தில்தான் மனுஷன் இதையும் இறக்கவில்லை. கதவுப் பலகை கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கயிற்றை அவிழ்த்தால் கல் தானாக உருண்டிருக்கும்.

"எறக்குங்கண்ணே," என்றேன். "ஆகாம போறதுக்கு இனி அந்த வீட்ல யாரு இருக்கா?"

மூன்று பேருமாகப் பலகையில் சரித்து இறக்கினோம். என் அம்மாவுடைய கல் ரோட்டில் சேற்றில் உட்கார்ந்தது. கொழுந்தன் திரும்ப ஏறிக்கொண்டான். அண்ணன் வண்டியைக் கிளப்பினார். நான் எங்கள் வண்டிக்குப் பின்னால் போய், என் வீட்டுக்காரர் கை வைத்துத் தள்ளியிருக்கும் இடத்தில் கையை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

நான் தள்ளவே இல்லை. வண்டி என் கையை விட்டு முன்னால் போய்விட்டது. சும்மா, காலி வாளியைத் தூக்குவது போல, அவ்வளவு லேசாக ஏறிப் போனது.

உயிரோடு இருந்தவரை அவரை வாங்க, போங்க என்று தவிர நான் பேசியதில்லை. அன்றைக்கு நடுரோட்டில் நின்று கத்தினேன்.

"அடப் பாவி மனுசா, எறக்கி வச்சிருக்கக் கூடாதா? எங்கம்மா செத்துப் போயிருச்சே, யாரு ஒன்னத் திட்டப் போறா? எறக்கி வச்சிட்டு வந்திருக்கக் கூடாதா?"