பூமி நகர்கிறது என்று சர்வேயர் சொல்லலாமா?

நிலத்தை அளக்கப் போகிறவன் முதலில் வாயை அளந்து திறக்க வேண்டும். எனக்கு அது இன்று வரை வரவில்லை. நான் படித்தது நிலவியல், பூமிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்கிற படிப்பு. பிழைப்பது பெரம்பலூரில் தனியார் சர்வேயராக, பூமிக்கு மேலே யாருக்கு எவ்வளவு என்கிற பஞ்சாயத்து. படிப்பு ஒன்று, பார்க்கிற வேலை வேறு என்று உங்களிலும் பலர் இருப்பீர்கள். படித்ததை எங்கேயாவது எடுத்துவிடாவிட்டால் நமக்கெல்லாம் சோறு இறங்காது. அப்படி எடுத்துவிட்டு நான் நாலு நாள் பட்ட பாடுதான் இது.

பக்கத்து சீட்டு

பூலாம்பாடியில் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் ராமசாமிக்கு வடக்குப் பாகம், தம்பி செல்வத்துக்குத் தெற்கு. முப்பது வருடத்துக்கு முன் பாகம் பிரித்தபோது நட்ட எல்லைக்கல்லை எந்த டிராக்டரோ பெயர்த்துப் போட்டுவிட்டது. துபாயில் வெல்டராக இருக்கும் செல்வம் லீவில் வந்திருந்தான். வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கடைக்கால் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏற வேண்டும். அண்ணன் ஒப்புக்கொண்டு கல் நட்டால்தான் கடைக்கால். இல்லையென்றால் அடுத்த லீவு வரைக்கும் அந்த வீடு வெறும் பிளான்தான்.

திங்கட்கிழமை போய் அளந்தேன். கல் இருந்த இடத்தில் முளைக்குச்சியும் அடித்துவிட்டேன். "இந்த மிஷின் எதுக்குங்க வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது?" என்றார் ராமசாமி. செயற்கைக்கோள் என்று ஒரு வார்த்தையோடு முடித்திருக்கலாம். விட்டேனா? இந்தியாவே ஒரு பெரிய பாறைத் தட்டின் மேல் இருக்கிறது, அந்தத் தட்டு வருடத்துக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் வடக்குப் பக்கமாக நகர்கிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவிழ்த்துவிட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார். "முப்பது வருஷம். அஞ்சடி ஆச்சு. அப்ப அவன் நெலம் அஞ்சடி எனக்குள்ள வந்துருச்சு. கல்ல தெக்க தள்ளி நடுங்க."

செல்வம் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். இரண்டு நிலமும் சேர்ந்தேதான் நகரும், பஸ் திருச்சிக்குப் போனால் உங்கள் சீட்டும் பக்கத்து சீட்டும் சேர்ந்துதானே போகும் என்று ராமசாமியிடம் கெஞ்சினேன்.

"போகும். போற வழியில பக்கத்து சீட்டுக்காரன் தூங்கித் தூங்கி நம்ம மேல சாய்வானா மாட்டானா?"

எந்த வெங்காயம்?

யோசித்து வியாழக்கிழமை சொல்வதாக ராமசாமி என்னை அனுப்பிவிட்டார். மறுநாள் செட்டிகுளத்தில் வேலை. அங்கே தனலட்சுமி என்கிற அம்மா, சின்ன வெங்காயம் போடுகிறவர், தன் கொல்லையை அளக்கக் கூப்பிட்டிருந்தார். எனக்கு முன்னால் என் புகழ் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. "பூமி நவுருதுன்னு சொன்ன சர்வேயர் நீங்கதானா?" என்றவர், அது எதன் மேல் நகர்கிறது என்று கேட்டார். நல்ல கேள்வி. இப்படிக் கேட்டால் நம்மால் சும்மா இருக்க முடியுமா?

குவியலிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்தேன். காய்ந்த தோல்தான் நாம் நிற்கிற மேலோடு, அதோடு ஒட்டிய கெட்டிப் பாறையும் சேர்ந்துதான் தட்டுகள் என்றேன். அடுத்த கனமான பகுதி மேன்டில். அதுவும் பாறைதான், ஆனால் சூட்டில் இளகி மெல்ல மெல்ல நகரும், அதன் மேல்தான் தட்டுகள் போகின்றன. நட்டநடுவில் இரும்பும் நிக்கலும். வெளிச்சுற்று உருகிய குழம்பு, உள்ளே கெட்டி உருண்டை. சொல்லிக்கொண்டே உரித்து நடுவுக்கு வந்தேன். கையில் இரண்டு பருப்பு விழுந்தது. தனலட்சுமி அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சின்ன வெங்காயத்த உரிச்சா உள்ள ரெண்டுதான் சார் இருக்கும். ஒங்க பூமி பெரிய வெங்காயம், பல்லாரின்னு மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

பட்டாவுக்கு வந்த ஆபத்து

புதன்கிழமை அரியலூர்ப் பக்கம் ஒரு மக்காச்சோளக் கொல்லை. வாங்கியவர் ஏலாக்குறிச்சி ஆரோக்கியசாமி, ரிட்டயர்டு கண்டக்டர். வரப்பு ஓரம் ஒரு கல்லைப் புரட்டினேன். உள்ளே முழுக்கக் கிளிஞ்சல், கல்லாகவே ஆகிப்போனது. எனக்குக் கை காலெல்லாம் பரபரத்தது. ஒரு காலத்தில் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே நிலமாக ஒட்டியிருந்தன, பிளந்து விலகியபோது இந்தப் பக்கமெல்லாம் கடல் ஏறி வந்தது, நீங்கள் நிற்பது கடல் தரை என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் கையிலிருந்த கல்லை வாங்கிக் குப்புறப் போட்டார்.

"கடல்னு வெளிய சொல்லிடாதீங்க சார். நீர்நிலைப் புறம்போக்குன்னு பட்டாவ ரத்து பண்ணிடுவானுங்க."

நாலு மணிக்கு வரும்

அன்று சாயங்காலமே, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பக்கத்து டீக்கடை. திடீரென்று தரை அதிர்ந்து கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுத்தன. நான் எழுந்தே விட்டேன். கடைக்கார அக்கா, வெடி வைக்கிறார்கள் என்று உட்காரச் சொன்னார். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, தட்டுகள் இடிக்கிற ஓரத்தில்தான் பெரிய பூகம்பம் எல்லாம், இமயமலைப் பக்கம் அப்படித்தான், அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, நாம் தட்டின் உள்பக்கம் இருப்பதால் இங்கே குறைவு என்று விளக்கினேன்.

"எங்களுது நாலு மணிக்குக் கரெக்டா வந்துரும் சார். வடச்சட்டிய எறக்கி வெச்சுட்டுத்தான் நிப்பேன்."

ஓரம் எங்கே?

வியாழக்கிழமை பூலாம்பாடி. ராமசாமி அஞ்சடியிலிருந்து அரையடி கூட இறங்கவில்லை. கயிறு, சுண்ணாம்பு, செங்கல் எல்லாம் தயாராகக் கிடக்க, செல்வம் வரப்பில் உட்கார்ந்திருந்தான். "வுட்டுருங்க சார். அடுத்த லீவுல பாத்துக்குறேன்" என்றான். எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பாடம் எடுத்தது நான், வீடு போகிறது அவனுக்கு.

அப்போது ராமசாமியின் மனைவி சின்னப்பொண்ணு மோர் கொண்டு வந்தார். சொம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, "அந்தத் தட்டுக்கு ஓரம் எங்கங்க இருக்கு?" என்று கேட்டார். வடக்கே இமயமலை, தெற்கே இந்துமாக்கடலில் ரொம்பத் தூரம் என்றேன்.

"நம்ம பூலாம்பாடியில ஓரம் எதுவும் இல்லையா?"

"இல்லைங்க. ஒரே தட்டு."

அவர் புருஷன் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா? ஒரே தட்டாம். எங்க அத்தை ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே தட்டுலதான சோறு போட்டாங்க? அப்ப எந்த ஓரத்துல கல்லு நட்டீங்க?"

ராமசாமி கடப்பாரையை எடுத்தார். நான் முளைக்குச்சி அடித்திருந்த அதே இடத்தில், ஓரடி கூடத் தெற்கே போகாமல், குழி தோண்ட ஆரம்பித்தார். செல்வம் எழுந்து வந்து கல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் முகம் பார்க்காமலே கல்லை இறக்கி மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். கடைசியில் அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"ஒரே தட்டுதாங்க, நான் இல்லேங்கல. ஆனா அன்னிக்கும் கறி பூரா அவன் பக்கந்தான் கெடக்கும்."

கண்டங்கள் எதனால் பிரிந்தன என்று ஐந்து வருடம் படித்தேன், பாகங்கள் எதனால் பிரிகின்றன என்பது ஒரு கல் நட்டதில் தெரிந்துபோயிற்று.