வண்டி வராத ரோடு

சைக்கிள்காரர்களுக்குச் சமைத்துப் போடுகிற வேலையில் பாதி நெருப்பு அடுப்பில், மீதி நெருப்பு வயிற்றில். சோறு ஆறுகிறதே, சாப்பிட வேண்டியவர்களை இன்னும் காணோமே என்று வழியைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

சக்கரத்துக்கு எலுமிச்சை

எழுபதுகளின் கடைசியில் டில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ் ஆபீஸ்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு சைக்கிள் குழு வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் லீவு போட்டுவிட்டு, சைக்கிள்களை ரயிலில் ஏற்றிப் பம்பாய்க்குப் போவார்கள். அங்கிருந்து தெற்கே கொங்கணக் கடற்கரையை ஒட்டியே மலை ஏறி மலை இறங்கிப் பயணம். குழுவுக்குத் தலைவர் சுந்தரம் சார், திருநெல்வேலிக்காரர். வழியில் ஓட்டல் கிடையாது என்பதால் பாத்திரம் பண்டத்தோடு ஒரு வேன் போகும். அதில் ஒரு டிரைவர், ஒரு சமையற்காரி. அந்தச் சமையற்காரி நான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்கு டில்லியில் கைகொடுத்தது கரண்டிதான்.

எனக்குச் சைக்கிள் என்றாலே நடுக்கம். எங்கள் வீட்டுக்காரர் சைக்கிளில்தான் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தார். மோதி பாக் திருப்பத்தில் ஒரு பஸ் இடித்துத் தள்ளியது. கால் எலும்பு கூடிய பிறகும் தாங்கித் தாங்கித்தான் நடந்தார். இனிமேல் ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லியும் சைக்கிளைத் தொடவில்லை. பால்கனியில் நிறுத்தி, என் பழைய சேலை ஒன்றால் மூடிவிட்டார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சீட்டி அடித்துக்கொண்டே அதைத் துடைப்பார். சைக்கிளோடு அந்தச் சீட்டியும் போயிற்று. எனக்கு அந்தச் சீட்டி திரும்ப வேண்டும். ஆனால் அவர் சைக்கிளில் ஏறவும் கூடாது. இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று கேட்காதீர்கள்.

இந்த நடுக்கத்தோடுதான் முதல் பயணம் கிளம்பினேன். மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்து, ஒவ்வொரு சைக்கிளுக்கும் முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என்று எலுமிச்சம்பழம் வைத்தேன். வேனுக்கு நான்கு. ஸ்டெப்னிக்கும் ஒன்று வைக்கப் போனபோது சுந்தரம் சார் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். "சரோஜாம்மா, இருக்கிற பழத்தையெல்லாம் டயருக்கு வெச்சிட்டா, நாளைக்குச் சாதத்துக்கு என்னத்தப் பிழியப் போறீக?"

ஒன்றுமே இல்லாத இடம்

முதல் நாளே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சைக்கிள்கள் போகிற வழியில் எங்கள் வேன் போக முடியாது. கடல் ஓரத்து ரோடு அங்கங்கே அறுந்து கழிமுகமாகிவிடும். பாலம் கிடையாது. சைக்கிளைத் தோணியில் ஏற்றி அக்கரைக்குப் போய்விடலாம், வேனை ஏற்ற முடியாது. அதனால் அந்த ரோட்டில் லாரியும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. நானும், அண்ணன் முறையில் பையா என்று நான் கூப்பிடும் டிரைவர் பல்பீரும், உள்நாட்டுப் பக்கம் ஹைவேயில் லாரிப் புகையைக் குடித்துக்கொண்டே சுற்றி வருவோம். ராத்தங்கலுக்குப் பள்ளிக்கூடக் கட்டடம் ஏதாவது பார்த்து அடுப்பு மூட்டுவோம். அவர்கள் போன வழியில் யாராவது விழுந்தால் தூக்கிவர ஒரு வண்டிகூட இல்லையே என்று நினைப்பேன். அடுப்பில் ரசம் கொதிக்கும். அதற்கு முன் நான் கொதிப்பேன்.

சாயங்காலம் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். எல்லார் முகமும் ஒரு மாதிரி இருக்கும். கோயிலில் கற்பூரம் காட்டும்போது இருக்குமே, அந்த முகம். வசந்தா என்று ஒரு பெண், டைப்பிஸ்ட், டில்லியிலேயே பிறந்தவள். அவளைப் பிடித்து உட்கார வைத்து, "அப்படி என்னடி இருக்கு அங்கே?" என்று கேட்டேன். தமிழில் வார்த்தை தேடினாள். ஹிந்தியில் தேடினாள். கடைசியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்ணுமே இல்லேக்கா. ஏக்தம் ஒண்ணுமே இல்லே. அதான் அச்சா."

யாருக்கு மணி?

ஒரு கிராமத்தில் தங்கியபோது எங்களுக்கு இளநீர் வெட்டிக்கொடுத்த அம்மாள், வீட்டு மேட்டில் நின்று எங்கள் ஆட்கள் மலை இறங்கி வந்ததைப் பார்த்திருக்கிறாள். ஒருவர் பின் ஒருவராக இடது ஓரமாகவே வந்தார்களாம். ஒவ்வொரு வளைவிலும் மணி அடித்தார்களாம். திரும்பும்போது கை நீட்டிக் காட்டினார்களாம். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. டில்லி ரிங் ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பழகியவர்கள், பாவம், விரல் தானாக மணிக்குப் போகிறது.

அந்த அம்மாளுக்கு மராட்டி, எனக்கு டில்லி ஹிந்தி. இருந்தாலும் சமையல்கட்டுப் பக்கம் நிற்கிற பெண்களுக்குப் பாஷை தடையில்லை. அவள் கவலையோடு கேட்டது எனக்கு நன்றாகவே புரிந்தது: "எங்க ஊர்ல மாட்டுக்குத்தான் மணி கட்டுவோம், தொலைஞ்சா தேடிப் பிடிக்க. இவங்க யாரைத் தொலைச்சிட்டு வந்திருக்காங்க?"

ஹாரன்

அடுத்த வருஷப் பயணத்தில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டை வழியிலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. ஹைவேயிலிருந்து பிரிகிற ஒரு செம்மண் பாதையில் பல்பீர் பையா வேனை முக்கி முனகி ஏற்றினார். மலை முதுகில் பாதை முடிந்தது. நான் புளியோதரைத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கி, முந்திரிச் செடிகளைத் தாண்டி நாலடி வைத்தேன்.

கடலைப் பார்க்காதவள் இல்லை. பம்பாயில் பார்த்திருக்கிறேன், வேர்க்கடலைத் தோல் மிதக்கிற சாம்பல் நிறத் தண்ணீர். இது அதுவா? மலை கடலுக்குள் காலை நீட்டிப் படுத்திருந்தது. அதன் முழங்காலைச் சுற்றி ஒரு ரோடு, சின்னதாக, யாரோ விரலால் இழுத்த மாதிரி. ஒரு பக்கம் சிவப்புப் பாறை. மறுபக்கம் நீலம், நீலம், வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத நீலம். அந்த ரோட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி எங்கள் சைக்கிள்கள். அலைச் சத்தம்கூட மேலே வரவில்லை. என் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. எத்தனை வருஷமாக அது எனக்குக் கேட்டதில்லை!

எப்போதும் பயப்படுகிற நான் அங்கே பயப்பட மறந்துவிட்டேன். தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினேன். பல்பீர் பையா பின்னால் வந்து நின்றார். ரோத்தக் ரோட்டில் ஹாரனிலிருந்து கை எடுக்காத மனிதர். கீழே இருப்பவர்களைக் கூப்பிட ஹாரன் அடிக்கச் சொன்னேன். தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு, மெதுவான குரலில் சொன்னார்: "நஹீ பெஹன்ஜி, இங்கே ஹாரன் அடிச்சா பாவம் வரும். நானே இறங்கிப்போய்க் கூப்பிடறேன்."

வெங்காயம் நறுக்க ஒரு ஆள்

டில்லிக்கு வந்து வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னேன். சொல்லத் தெரியாமல் சொன்னேன். மலை, கடல், ரோடு, வண்டியே இல்லை என்று திரும்பத் திரும்ப அதையே. அவர் பேப்பரை இறக்காமல் கேட்டார். "வண்டியே வராத ரோடா? ஆஸ்பத்திரில மயக்க மருந்து குடுத்தப்போ நானும் பார்த்தேன்."

மறுபடி குளிர்காலம் வந்தது. சுந்தரம் சார் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, சேலை மூடிய சைக்கிளைக் கண்டும் காணாத மாதிரி உட்கார்ந்தார். இந்தத் தடவை ஆட்கள் அதிகம், சரோஜாம்மா கை ஒடிந்துவிடும், கூடமாட ஒத்தாசைக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார். சைக்கிள் என்ற பேச்சே எடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். நான் அடுப்படியில் நின்று முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் சொன்னார்: "வேன்ல உக்காந்து வருவேன். வெங்காயம் நறுக்குவேன். வேற எதுவும் என்கிட்ட கேக்கக் கூடாது."

பின்சீட்

சொன்னபடியே வந்தார், நறுக்கினார், ஹைவேப் புகையில் இருமினார். நாலைந்து நாள் இப்படியே போயிற்று. ஒரு காலையில் வசந்தாவுக்குக் காய்ச்சல். அவளை வேனில் படுக்க வைத்ததில் எங்கள் இருவருக்கும் இடம் இல்லை. பல்பீர் பையா அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு ஹைவே வழியாகக் கிளம்பினார். மற்றவர்கள் விடிந்ததுமே தோணி ஏறிப் போய்விட்டார்கள். வசந்தாவின் சைக்கிள் மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. அக்கரையில் ரோடு, ரோட்டின் முடிவில் அன்றைய தங்கல். "நடந்தே போயிடலாங்க" என்றேன். அவர் என் செருப்பைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். "லேடீஸ் சைக்கிள்" என்று முகத்தைச் சுளித்தார். சுளித்துக்கொண்டே டயரை அழுத்திப் பார்த்தார்.

தோணியில் அக்கரைக்குப் போனதும் நான் மடியிலிருந்த எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு வைத்தேன். அவர் என்னைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு ஏறினார். சைக்கிள் ஆடியது, நான் கத்தினேன், அவர் திட்டினார், சைக்கிள் நேரானது. மேட்டில் இறங்கித் தள்ளினோம். மலை முதுகுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மாட்டு வண்டித்தடம் வந்து ரோட்டில் சேர்ந்தது. அங்கே நின்றுவிட்டார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், மறுபடி இடது பக்கம். "ஒரு வண்டியும் வராதுங்க" என்றேன். "எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியணுமே" என்றார். நின்றோம். ஒரு பருந்து எங்களுக்குக் கீழே பறந்தது. பறவையின் முதுகை நான் அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் அவர் கால் தானாகப் பெடலுக்குப் போயிற்று. மேடு முடிந்து ரோடு கடலைப் பார்த்து வளைந்து இறங்கியது. அந்த நீலம் முழுவதும் எங்கள் பக்கமாகத் திரும்பியது. கொஞ்ச தூரம் போனதும் காற்றில் ஒரு சத்தம். பிரேக் கட்டை தேய்கிறதோ என்று பயந்தேன். சீட்டி. அவர் முதுகில் முகத்தை வைத்துக் கண்களை இறுக மூடிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சினேன். சீட்டியை நிறுத்தாமலே தலையை லேசாகத் திருப்பினார், பிறகு நிறுத்திச் சொன்னார்: "பயந்துக்கோ சரோஜா, வேணாங்கலே. கண்ணை மட்டும் மூடிடாதே."

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்கனிச் சைக்கிள் கீழே இறங்கிவிடுகிறது, சீட்டி மோதி பாக் பக்கம் போய் மறைகிறது, நான் தோசைக்கல்லைக் காயவைத்துவிட்டு வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்: வண்டி வராத ரோட்டை எனக்குக் காட்டிய கடவுள், அதை ஆர்.கே.புரத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கக் கூடாதா?