கேலரிக்கு முன்னால் நின்ற தூண்கள்

கோவிலூர் போகும் சாலையில் இருந்த எங்கள் பந்தாட்ட மைதானத்துக்கு அறுபதுகளின் நடுவில்தான் கேலரி கட்டினார்கள். அதுவரை செம்மண் பொட்டலும் கோல் கம்பங்களும்தான் மைதானம். பெரிய வீடுகள் சில அப்போது இடிபட்டுக்கொண்டிருந்தன. அந்த வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பர்மா தேக்குத் தூணைக் கேலரிக்கு இனாமாகக் கொடுத்தார்கள். வந்தது வினை.

தன் வீட்டுத் தூண் பின்னால் நிற்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. “எங்க அப்பச்சி வீட்டுத் தூணு. அதைக் கொண்டுபோய்ச் சுவத்தோரம் நிறுத்துவீகளா?” என்று ஒருவர் கமிட்டியில் சண்டைக்கே போய்விட்டார். தச்சுவேலை என் அப்பாவுடையது. அவராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவரோ, “முகப்புன்னா தூணு முன்னாலதான் நிக்கணும்” என்று அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டார். வீட்டு முகப்பு வேறு, ஆட்டம் பார்க்கிற இடம் வேறு என்றேன். “ஒனக்கு ஒதைக்கத்தான் தெரியும். பேசாம இரு” என்றார். கட்டி முடித்தபோது கல்யாண வீடு மாதிரி இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. முதல் வரிசையில் உட்கார்ந்தால் கைக்கு அடங்காத தூண்தான் தெரியும்.

நான் ஊர் டீமில் பார்வர்டு. பந்தாட்டம் வேலைவெட்டி இல்லாதவர்களின் காரியம் என்பது அப்பாவின் முடிவு. ஒரு ஆட்டம்கூட அவர் பார்த்ததில்லை. நான் கோல் போடுவதை அவர் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. திறப்பு விழா ஆட்டத்துக்குத் தூண் நிறுத்தியவர் என்று அவரை அழைத்து, மாலை போட்டு, முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். மதுரை டீமுக்கு எதிராக நான் கோல் போட்டேன். ஒரே விசில் சத்தம். கேலரியைத்தான் திரும்பிப் பார்த்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் அவருடைய முழங்கை மட்டும் தெரிந்தது.

ஆட்டம் முடிந்ததும், “பாத்தீகளாப்பா?” என்று கேட்டேன்.

“பாத்தேன், பாத்தேன்.”

“எந்தக் காலால அடிச்சேன்?”

“தூணுக்குப் பாலிஷ் நல்லா ஏறியிருக்குடா” என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரை விட்டுவிட்டு முன்னால் நடந்தேன்.

அடுத்த ஆட்டத்துக்கு அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். அன்று எனக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால், கோல் கம்பத்துக்குப் பின்னால், வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே ஓடிவந்து உதைத்தேன். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, அவரையும் தாண்டிப் போய் விழுந்தது.

வெட்கத்தில் நான் தலை நிமிரவில்லை. அப்பா எழுந்து போய்ப் பந்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

“வலது காலு” என்றார்.