கழிந்துபோன நாலு மாதம் பத்து நாள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள் நான். கடிதம் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து நிற்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் கணவருக்குக் கொழும்பில் துணிக்கடை. எங்கள் கீழக்கரையில் பல பெண்களின் கணவர்மார் அக்கரையில்தான் இருந்தார்கள். இவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், இரண்டு மாதம் இருப்பார். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அவர் எதிரில் உட்கார எனக்குத் தெரியாது. கடைசியாக வந்தபோது கால் வீக்கத்தால் எட்டு மாதம் தங்கிவிட்டார். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மாலையில் அவித்த பனங்கிழங்கைப் பிளந்து, நடுநாரை உருவிவிட்டு, பாதியை என் கையில் வைப்பார்.

"தின்னு புள்ள. நீ என்ன ஆசப்பட்டுத் திம்பேன்னுகூட இத்தன வருசம் எனக்குத் தெரியாதே" என்றார் ஒரு நாள். அந்த வயதில் எனக்கு வெட்கம் வந்தது.

பிறகு தனுஷ்கோடிக்கு ரயிலேறிக் கப்பலுக்குப் போனார். மாதம் இரண்டு கடிதம் வந்தது. திடீரென்று நின்றது. அவருடைய அண்ணனிடம் கேட்டேன். "கடையில வேல கூடுதல்மா. இப்ப கடுதாசியும் தாமசமாத்தான் வருது" என்றார்.

அடுத்த மாதம் அந்த அண்ணன் மகளுக்கு நிக்காஹ். ரோஸ் பட்டு கட்டி, பூ வைத்துப் போனேன். கூச்சத்தை விட்டுக் குரவையும் போட்டேன். அதையெல்லாம் என் கணவருக்கு இரண்டு கடிதமாக எழுதி, தபாலில் போடச் சொல்லி அண்ணனிடம் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு காலை அந்த அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"தம்பி மவுத்தாயிட்டாம்மா."

நெஞ்சுவலியாம். அங்கேயே அடக்கிவிட்டார்களாம். ஐந்து மாதம் ஆகிவிட்டது. "கல்யாணம் நின்னுருமேன்னு மறச்சேன். பொறவு நோன்பு வந்துருச்சு. எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல" என்று, பிரிக்காத என் கடிதங்கள் இரண்டையும் எடுத்து வைத்தார்.

என்னோடு இருந்த ராத்தா, கணவனை முன்பே இழந்த என் மூத்த சகோதரி, கத்தினாள். "கல்யாணத்துல ரெண்டாந்தடவ சோறு கேட்டு வாங்கித் தின்னியளே மச்சான், எப்பிடி எறங்குச்சு?"

அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. "நான் இத்தா இருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள், பூவும் பட்டும் இல்லாமல், அந்நிய ஆண் முகம் பார்க்காமல் இருப்பது இத்தா. அவருக்கென்று நான் முழுதாகச் செய்யக்கூடியது அது ஒன்றுதான் மிச்சம் என்று தோன்றியது.

மார்க்கம் படித்த ஆலிம்சாவை அழைத்துக் கேட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகச் சொன்னார். "மவுத்தான நாள்ல இருந்துதாம்மா கணக்கு. ஒங்க இத்தா முடிஞ்சு போச்சு. அல்லா ஒங்களுக்கு லேசாக்கிட்டான்."

அந்த நாட்களில்தான் நான் பூ வைத்திருந்தேன். மார்க்கத்தை மீறி என்ன கேட்க முடியும்? திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ராத்தா என்னை அறைக்குள் தள்ளினாள். "இன்னைக்கி ஒரு நாளாச்சும் இரு. ஆரு கேட்டாலும் காய்ச்சல்னு சொல்லிக்கிறேன். நாலு மாசம் இருந்து நான் என்னத்தக் கண்டேன்? இடுப்புதான் பெருத்துச்சு." சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

துக்கம் கேட்க வந்த பெண்கள், "இத்தாவும் முடிஞ்சிருச்சாமே" என்று காப்பி குடித்துவிட்டுப் போனது உள்ளே கேட்டது. மாலை வரை இருந்தேன். ராத்தா கதவிடுக்கில் சோற்றுத் தட்டைத் தள்ளினாள். நிக்காஹில் கட்டிய கருகமணியை நானே கழற்றினேன்.

மறுநாள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். சீலா மீன் வந்திருந்தது. ராத்தா அரிந்தாள், நான் குழம்பு வைத்தேன்.